வால்வு தேர்வு செய்வது எப்படி: பாய்பொருள் தாளிலிருந்து சோதனைச் சான்றிதழ் வரை

"4 அங்குலம், கேட் வால்வு, கிளாஸ் 150, டபிள்யூசிபி, 6 எண்ணம்." பராமரிப்புப் பிரிவிலோ கொள்முதல் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு வரும் கோரிக்கை பெரும்பாலும் இப்படி ஒற்றை வரியாகத்தான் இருக்கும். இதை அப்படியே ஐந்து விற்பனையாளர்களுக்கு அனுப்பினால் ஐந்து வெவ்வேறு பொருள்களுக்கு விலை வரும். சீட் (மூடும் பாகம் வந்து அமரும் பரப்பு) எந்த உலோகம், ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) முகம் எப்படிப்பட்டது, எந்தச் சோதனை, எந்தச் சான்றிதழ் என்று அந்த வரியில் ஒன்றுமே இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தை ஒவ்வொருவரும் தமக்கு மலிவான வழியில் நிரப்பிக்கொள்வார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லித்தர யாரும் இல்லை. தயாரிப்பாளர்களின் பட்டியல்களையும் தரநிலைகளையும் மாறிமாறிப் புரட்டி, அனுபவசாலிகளை விடாமல் கேட்டுச் சேர்த்துக்கொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன். வரிசையை மாற்றாமல் செல்லுங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. பாய்பொருள் தாளை நிரப்புங்கள்

விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் ஓடுவது என்ன, அதன் செறிவு எவ்வளவு, வழக்கமான அழுத்தமும் வெப்பநிலையும் எவ்வளவு, அவை எட்டக்கூடிய உச்சம் எவ்வளவு, மணலோ படிகமோ கலந்து வருகிறதா, வால்வை ஒரு நாளில் எத்தனை முறை திறந்து மூடுவார்கள், மின்சாரமோ காற்றழுத்தமோ நின்றால் வால்வு திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா? இத்தனைக்கும் எழுத்தில் விடை வேண்டும்.

"அமிலம்" என்று மட்டும் எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். 98 சதவீதச் செறிவுள்ள கந்தக அமிலம், சாதாரண வெப்பநிலையில் மெதுவாக ஓடும்போது கார்பன் எஃகைப் பெரிதாகத் தின்பதில்லை. அதே அமிலத்தில் தண்ணீர் கலந்து நீர்த்துப்போனால் அதே எஃகு வேகமாகக் கரையும். குளோரினும் அப்படித்தான். உலர்ந்த குளோரினுக்குக் கார்பன் எஃகு போதும். ஈரம் சேர்ந்தால் தாங்காது. ஈரக் குளோரினை அருமையாகத் தாங்கும் டைட்டானியமோ உலர்ந்த குளோரினில் தீப்பற்றி எரியும். செறிவும் ஈரமும் தெரியாமல் உலோகம் தேர்ந்தெடுப்பது ஆபத்தான வேலை.

இந்தப் படியில் பலரும் தவறவிடுவது வழக்கத்துக்கு மாறான நேரங்களை. குழாயைச் சுத்தம் செய்ய நீராவி விடுவார்களா? அப்படியானால் உச்ச வெப்பநிலை அந்த நீராவியினுடையது. திரவமாக்கப்பட்ட வாயுவை அழுத்தம் இறக்கி வெளியேற்றுவார்களா? அப்போது குழாய் உறைநிலைக்கு வெகு கீழே குளிரும். செயல்முறைப் பொறியாளரிடம் இந்தக் கேள்விகளை நேரில் கேட்டு, தாளில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு வேலையில் அதிக நாள் பிடிப்பது இந்தப் படிதான். அவசரம் என்று யார் சொன்னாலும் இதைச் சுருக்காதீர்கள்.

2. வால்வின் வேலையை முடிவு செய்யுங்கள்

முழுவதும் திறப்பது, முழுவதும் மூடுவது, இவ்விரண்டு மட்டுமே வேலை என்றால் தகடு இறங்கி மூடும் கேட் வால்வோ, துளையுள்ள பந்து திரும்பி மூடும் பால் வால்வோ பொருந்தும். கேட் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது. இடுக்கு வழியே பாயும் வேகத்தில் சீட் அரிக்கப்பட்டு, பிறகு முழுவதும் மூடினாலும் கசியும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டிய இடத்துக்குக் குளோப் வால்வு. அதன் உடலில் உள்ள அம்புக்குறி ஓட்டத்தின் திசையைக் காட்டும். அதைப் பார்த்தே பொருத்த வேண்டும்.

பால் வால்வு கால் சுற்றில் மூடும், இறுக்கமாகவும் மூடும். ஆனால் மூடிய நிலையில் பந்தின் உட்குழிவில் திரவம் சிறைப்படும். வெளிச்சூட்டில் அந்தத் திரவம் விரிந்தால் உள்ளே அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். விரியக்கூடிய திரவங்களுக்கு, அழுத்தத்தைத் தானாக வெளியேற்றும் சீட் அமைப்போ, அதற்கெனத் தனித் துளையிட்ட பந்தோ உண்டா என்று கேட்டே வாங்குங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு இது கட்டாயம்.

பெரிய அளவுகளில் எடையும் விலையும் குறைவது, வட்டத் தகடு சுழன்று மூடும் பட்டர்ஃபிளை வால்வில். ரப்பர் உட்பூச்சுள்ள எளிய வகை தண்ணீருக்குப் போதும்; சூடும் அழுத்தமும் கூடினால் இரட்டை அல்லது மும்மடி மைய விலக்கம் உள்ள வகைக்குப் போக வேண்டும். இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே செருகும் வேஃபர் வகையைக் குழாயின் கடைசி முனையில் வைக்கக் கூடாது. மறுபக்க ஃபிளாஞ்சைக் கழற்றினால் வால்வைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது. அங்கே திருகுதுளைகள் கொண்ட லக் வகை வேண்டும். அதையும் ஒருபக்க அழுத்தத்துக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று கேளுங்கள்.

ஓட்டம் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வைக் குழாயின் அளவைப் பார்த்து வாங்குவது பரவலான வழக்கம். ஓட்டத்தின் வேகத்தைப் பார்த்து வாங்குவதே சரி. வேகம் போதாவிட்டால் மடல் முழுவதும் திறக்காமல் இடைவிடாது தட்டிக்கொண்டே இருக்கும். கீல் தேய்ந்து உடையும். ஸ்விங் வகையைச் செங்குத்துக் குழாயில் வைப்பதானால் ஓட்டம் மேல்நோக்கி மட்டுமே இருக்கலாம்.

3. அழுத்த வகுப்பை அட்டவணையிலிருந்து எடுங்கள்

கிளாஸ் 150 என்பது 150 என்ற அழுத்தத்தைக் குறிப்பதில்லை. அது ஒரு வகுப்பின் பெயர். அந்த வகுப்பு எவ்வளவு தாங்கும் என்பதை உலோகமும் வெப்பநிலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த அட்டவணைகள் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) பி16.34 தரநிலையில் இருக்கின்றன. டபிள்யூசிபி என்ற வார்ப்புக் கார்பன் எஃகில் கிளாஸ் 150 வால்வு 38 டிகிரி செல்சியஸில் 19.6 பார் தாங்கும். 200 டிகிரியில் அது 13.8 பாராகவும், 300 டிகிரியில் 10.2 பாராகவும் இறங்கிவிடும்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது துருப்பிடிக்காத எஃகு. விலை கூடியதால் வலிமையும் கூடியது என்று மனம் நம்பிவிடுகிறது. கிளாஸ் 300 வகுப்பில் 200 டிகிரியில் டபிள்யூசிபி 43.8 பார் தாங்கும், சிஎஃப்8எம் என்ற துருப்பிடிக்காத எஃகு 35.7 பார்தான் தாங்கும். சூடான குழாயில் கார்பன் எஃகை எடுத்துவிட்டு அதே வகுப்பில் துருப்பிடிக்காத எஃகை வைப்பதற்கு முன் இந்த அட்டவணையைத் திறந்தே ஆக வேண்டும்.

சிறிய பால் வால்வுகளில் "1000 டபிள்யூஓஜி" (தண்ணீர், எண்ணெய், வாயு) என்று பொறித்திருப்பார்கள். சாதாரண வெப்பநிலையில் 1000 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 69 பார் என்பதே அதன் பொருள். நீராவிக் குழாய்க்கு அந்த எண்ணை நம்பக் கூடாது. சிறிய ஃபோர்ஜிங் (சூடாக்கி அடித்து உருவாக்கிய) வால்வுகளில் வரும் கிளாஸ் 800 திருகு முனைக்கும் சாக்கெட் வெல்டு முனைக்கும் உரியது. கிளாஸ் 800 என்று ஒரு ஃபிளாஞ்ச் வகுப்பு கிடையாது.

4. உடல் உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெயர்களின் காட்டில் இங்கேதான் எல்லோரும் வழி தவறுகிறார்கள். ஒரு விதியை மனத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்: ஒரே உலோகத்துக்கு வார்ப்பில் ஒரு பெயர், ஃபோர்ஜிங்கில் வேறொரு பெயர். வார்த்தெடுத்த டபிள்யூசிபிக்கு ஃபோர்ஜிங்கில் இணை ஏ105. வார்ப்பில் சிஎஃப்8 என்பது 304 ரகம், சிஎஃப்8எம் என்பது 316 ரகம். சிஎஃப்3, சிஎஃப்3எம் இரண்டும் கார்பன் குறைந்த 304எல், 316எல் ரகங்கள். பெரிய வால்வுகளின் உடல் பொதுவாக வார்ப்பு. 2 அங்குலமும் அதற்குக் கீழும் பெரும்பாலும் ஃபோர்ஜிங்.

கார்பன் எஃகு, அதாவது ஏஎஸ்டிஎம் ஏ216 டபிள்யூசிபி: தண்ணீர், நீராவி, எண்ணெய், காற்று ஆகியவற்றுக்கு இதுவே அடிப்படைத் தேர்வு. எல்லை மைனஸ் 29 டிகிரி முதல் 425 டிகிரி வரை. அதற்கு மேல் நீண்ட காலம் வைத்தால் எஃகுக்குள் இருக்கும் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து உலோகம் பலவீனமாகும்.

குளிர்ந்த இடத்துக்கு ஏ352 எல்சிபி அல்லது எல்சிசி. ஃபோர்ஜிங்கில் ஏ350 எல்எஃப்2. இவை மைனஸ் 46 டிகிரி வரை செல்லும். அதற்கும் கீழே துருப்பிடிக்காத எஃகுக்குப் போக வேண்டும். ஆழ்குளிரிலும் அது கண்ணாடி போல நொறுங்காது. ஆழ்குளிர்ச் சேவைக்கு நீட்டிய பானெட்டும் (உடலின் மேல்மூடி) கேளுங்கள், பேக்கிங் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பு) உறையாமல் இருப்பதற்கு.

உயர் வெப்ப நீராவிக்குக் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஏ217 வரிசை: டபிள்யூசி6, டபிள்யூசி9, அதற்கும் மேல் சி12ஏ. இவற்றின் வெல்டிங்குக்கு முன்சூடும், பின்னர் வெப்பப் பதனமும் தேவை. அந்தச் செலவு வால்வின் விலைப்பட்டியலில் தெரியாது. உங்கள் பணியிடத்தில் வந்து விழும்.

துருப்பிடிக்காத எஃகு எல்லாவற்றையும் தாங்கும் என்ற நம்பிக்கையைக் கைவிடுங்கள். குளோரைடு உள்ள தண்ணீர் ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டினால் 304, 316 ரகங்களில் இழுவிசை இருக்கும் இடத்தில் வெடிப்பு தோன்றலாம். வெளியே பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும். அறிகுறி காட்டாமல் பிளக்கும். கடல்நீர் தேங்கும் இடத்தில் 316 புள்ளிபுள்ளியாகத் துளை விழும். அங்கே சூப்பர் டூப்ளெக்ஸ், நிக்கல் அலுமினிய வெண்கலம் போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட சில தடைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அசெட்டிலின் ஓடும் குழாயில் செம்பு கூடாது. வெடிக்கும் சேர்மம் உண்டாகும். அமோனியாவில் பித்தளை வெடித்துப் பிளக்கும். ஆக்சிஜன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ துளி கூட இருக்கக் கூடாது; "ஆக்சிஜன் சேவைக்குச் சுத்தம் செய்யப்பட்டது" என்ற வாசகத்தைக் கொள்முதல் ஆணையில் எழுதி, முத்திரையிட்ட உறையில் வரவழையுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த எண்ணெய்க்கும் வாயுவுக்கும் ஐஎஸ்ஓ 15156 தரநிலைப்படி உலோகம் வேண்டும். கார்பன் எஃகின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 22-ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று.

5. டிரிம், சீட், பேக்கிங்

உடல் அழுத்தத்தைத் தாங்கும். கசிவைத் தடுப்பது உள்ளே இருக்கும் டிரிம், அதாவது சீட், அதன்மீது அமரும் பாகம், தண்டு போன்றவை. கேட், குளோப், செக் வால்வுகளுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) 600 தரநிலையின் டிரிம் எண்களை வைத்தே சந்தையில் பேசுவார்கள். டிரிம் 1 என்றால் 13 சதவீதக் குரோமியம் உள்ள எஃகு. டிரிம் 8 என்றால் ஒரு பரப்பு அதே எஃகு, எதிர்ப்பரப்பில் கோபால்ட் கலப்புலோகக் கடினப் பூச்சு. டிரிம் 5 என்றால் இரு பரப்பிலும் அந்தப் பூச்சு. டிரிம் 10 முழுவதும் 316. பொதுவான நீராவி, எண்ணெய்ச் சேவைக்கு டிரிம் 8 நல்ல தொடக்கம். அடிக்கடி இயங்கும் வால்வுக்கும் உயர் வெப்பத்துக்கும் டிரிம் 5 கேட்பதே என் வழக்கம். கூடுதல் விலை ஒரு முறை, கசிவின் செலவு பல முறை.

மென்மையான சீட்டுகளில் பிடிஎஃப்இ ஏறக்குறைய எல்லா ரசாயனத்தையும் தாங்கும். ஆனால் 200 டிகிரியை நெருங்கும்போது அது தாங்கும் அழுத்தம் சரிந்துவிடும். தயாரிப்பாளரின் அழுத்த வெப்ப வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். உடலின் எல்லையும் சீட்டின் எல்லையும் வேறு வேறு. ரப்பர்களில் இபிடிஎம் தண்ணீருக்கு நல்லது, எண்ணெயில் ஊதிக் கெடும். நைட்ரைல் எண்ணெய்க்கு நல்லது. எஃப்கேஎம் பெட்ரோலியப் பொருள்களைத் தாங்கும்; சாதாரண ரகங்களை நீராவியில் வைக்கக் கூடாது.

எரியக்கூடிய பொருள் ஓடும் குழாயில் மென் சீட் வைத்தால் ஏபிஐ 607 அல்லது ஐஎஸ்ஓ 10497 தீச்சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். சான்றிதழில் இருக்கும் அளவும் வகுப்பும் நீங்கள் வாங்கும் வால்வை உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். ஒரு சிறிய வால்வின் சான்றிதழைக் காட்டி முழு வரிசையையும் விற்பது நடக்கிறது.

6. இணைப்பு முனைகளைச் சரிபாருங்கள்

வால்வு சரியாக இருந்தும் குழாயில் உட்காராத சோகம் இந்தப் படியில்தான் நேர்கிறது. டிஎன் 100 (4 அங்குலம்) அளவில் ஐரோப்பிய பிஎன் 16 ஃபிளாஞ்சுக்கும் அமெரிக்க கிளாஸ் 150 ஃபிளாஞ்சுக்கும் எட்டுத் துளைகள்தாம். ஆனால் துளைவட்டத்தின் விட்டம் ஒன்றில் 180 மில்லிமீட்டர், மற்றதில் 190.5 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், போல்ட் நுழையாது. அளவுகோலால் அளந்தோ வரைபடம் பார்த்தோ உறுதி செய்யுங்கள்.

வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சின் முகம் பெரும்பாலும் தட்டையானது. அதன் எதிரே மேடு முகமுள்ள எஃகு ஃபிளாஞ்சை வைத்து இறுக்கினால் இரும்பு விரிசல் விடும். இரு பக்கமும் தட்டை முகமும் முழு முக கேஸ்கெட்டும் வேண்டும். திருகு முனைகளில் அமெரிக்க என்பிடி மரையின் கோணம் 60 டிகிரி. பிஎஸ்பியின் கோணம் 55 டிகிரி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைகள் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும், பிறகு கசியும்.

பழைய வால்வுக்கு மாற்று வாங்குவதானால் முகத்துக்கு முகம் உள்ள நீளத்தை அளந்து ஏஎஸ்எம்இ பி16.10 அட்டவணையுடன் ஒப்பிடுங்கள்.

7. எந்தத் தரநிலை எந்தக் கேள்விக்கு விடை?

தரநிலை எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று தெரிந்தால் போதும்.

வால்வு எப்படி வடிவமைக்கப்பட வேண்டும்? எஃகு கேட் வால்வுக்கு ஏபிஐ 600, சிறிய ஃபோர்ஜிங் வால்வுக்கு ஏபிஐ 602, குளோப் வால்வுக்கு பிஎஸ் 1873, ஸ்விங் செக் வால்வுக்கு பிஎஸ் 1868, பால் வால்வுக்கு ஏபிஐ 608 அல்லது ஐஎஸ்ஓ 17292, பட்டர்ஃபிளை வால்வுக்கு ஏபிஐ 609, நீள்வழிக் குழாய்த்தொடருக்கு ஏபிஐ 6டி. முனை எப்படி இருக்க வேண்டும்? 24 அங்குலம் வரை ஃபிளாஞ்சுக்கு ஏஎஸ்எம்இ பி16.5, 26 முதல் 60 அங்குலம் வரை பி16.47, பட் வெல்டு முனைக்கு பி16.25. பெரிய அளவில் பி16.47 இரண்டு வரிசைகளாகப் பிரிகிறது, வரிசை ஏ, வரிசை பி; இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. எந்த வரிசை என்று எழுதாத ஆணை முழுமையற்ற ஆணை.

எப்படிச் சோதிக்க வேண்டும்? ஏபிஐ 598, ஐஎஸ்ஓ 5208, இஎன் 12266. இதைக் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள். ஏபிஐ 598-இல் உடல் சோதனை 38 டிகிரிக்கான அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் நடக்கும். கிளாஸ் 150 டபிள்யூசிபிக்கு அது 29.4 பார், முழு எண்ணாக உயர்த்தி 30 பார். உடலில் ஒரு துளிக் கசிவும் கூடாது. சீட் சோதனை 1.1 மடங்கில். குறைந்த அழுத்தக் காற்றுச் சோதனை 4 முதல் 7 பார் வரை. மென் சீட்டில் கசிவே கூடாது. 4 அங்குல உலோக சீட்டுக்கோ தண்ணீரில் நிமிடத்துக்கு 12 துளிகள் வரை தரநிலையே அனுமதிக்கிறது. ஆகவே "ஏபிஐ 598-இல் தேறியது" என்றால் "கசியவே கசியாது" என்று பொருள் கொள்ளாதீர்கள். துளியும் கூடாத இடமாக இருந்தால், ஐஎஸ்ஓ 5208-இன் வீதம் ஏ என்று ஆணையிலேயே குறிப்பிடுங்கள்.

கட்டுப்பாட்டு வால்வுகளின் கசிவை ஐஇசி 60534-4 தனியாக வகுப்பு 1 முதல் 6 வரை பிரிக்கிறது.

8. கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

விலைப்புள்ளியுடனேயே பொது அமைப்பு வரைபடமும், பாக உலோகப் பட்டியலும், நீங்கள் கேட்டதிலிருந்து எங்கெல்லாம் மாறுகிறது என்ற விலகல் பட்டியலும் வர வேண்டும். விலகல் இல்லையென்றால் "விலகல் இல்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எதுவும் எழுதாத தாளுக்குப் பின்னாளில் மதிப்பு இருக்காது.

உலோகச் சான்றிதழ் இஎன் 10204-இன் எந்த வகை என்பதை ஆணையில் எழுதுங்கள். 2.1 வகை வெறும் உறுதிமொழி. அதில் சோதனை முடிவு இருக்காது. 3.1 வகையில் அந்தக் குறிப்பிட்ட உருக்குத் தொகுதியின் வேதிப் பகுப்பாய்வும் இழுவிசை முடிவும் இருக்கும். உற்பத்திப் பிரிவைச் சாராத ஆய்வாளர் ஒப்பமிடுவார். 3.2 வகையில் வாங்குபவரின் பிரதிநிதியோ சட்டப்படியான ஆய்வாளரோ சேர்ந்து ஒப்பமிடுவார். அழுத்தம் தாங்கும் பாகங்களுக்கு 3.1-க்குக் குறைந்து ஏற்காதீர்கள். இவற்றுடன் அழுத்தச் சோதனை அறிக்கையும், சோதனையில் பயன்படுத்திய அழுத்தமானிகளின் அளவுத் திருத்தச் சான்றும் வேண்டும்.

கொதிகலன், அழுத்தக் கலன் தொடர்பான குழாயாக இருந்தால் அரசுச் சட்டம் தனிப் படிவங்களைக் கேட்கலாம். ஆணை கொடுக்கும் முன்பே விசாரியுங்கள். வால்வு வார்த்து முடிந்த பிறகு அந்தச் சான்றைப் பெற முடியாமலே போகலாம்.

9. செலவும் காலமும்

விலையை உயர்த்துபவை வரிசையாக: உலோகம், வகுப்பு, அளவு, பிறகு சோதனைகள். வார்ப்பில் கதிர்வீச்சுப் படச் சோதனை (ரேடியோகிராபி) கேட்டால் செலவும் காலமும் கணிசமாகக் கூடும். உயர் வகுப்புக்கும் ஆபத்தான பாய்பொருளுக்கும் கேளுங்கள், சாதாரணத் தண்ணீர்க் குழாய்க்கு வேண்டாம். தேவையில்லாத இடத்தில் எல்லாச் சோதனைகளையும் கேட்பதும் வீண்செலவே.

டபிள்யூசிபி, சிஎஃப்8எம் ரகங்களில் வழக்கமான அளவுகள் கையிருப்பிலேயே கிடைக்கும். டூப்ளெக்ஸ், நிக்கல் கலப்புலோகம், மிகப் பெரிய அளவு என்றால் வார்ப்பிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். வரைபட ஒப்புதலுக்கு ஆகும் நாள்களையும் வெளி ஆய்வாளர் வரும் தேதியையும் கணக்கில் சேருங்கள். தயாரிப்பாளர் சொல்லும் காலம் வரைபட ஒப்புதலிலிருந்தா, ஆணைத் தேதியிலிருந்தா என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் உங்கள் மேசையில் கிடக்கும் நாளெல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

10. வால்வு வந்திறங்கியதும்

பெட்டியைத் திறந்ததும் முதலில் உடலில் வார்த்திருக்கும் ஹீட் எண்ணை, அதாவது உருக்குத் தொகுதியின் எண்ணைப் பாருங்கள். அது சான்றிதழில் உள்ள எண்ணுடன் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். உடலுக்கும் பானெட்டுக்கும் வேறு வேறு எண்கள் இருக்கலாம்; இரண்டுக்கும் சான்று வேண்டும். பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள், அதைக் கழற்றி மாற்றுவது எளிது.

கலப்புலோக வால்வுகளை உலோகம் அறியும் கையடக்கக் கருவியால் சோதியுங்கள். எக்ஸ் கதிர் வகைக் கருவி குரோமியம், நிக்கல், மாலிப்டினம் அளவுகளைக் காட்டும், கார்பனைக் காட்டாது. சிஎஃப்8எம்மில் கார்பன் அதிகபட்சம் 0.08 சதவீதம், சிஎஃப்3எம்மில் 0.03 சதவீதம். வெல்டிங்குக்காகக் குறைந்த கார்பன் ரகம் கேட்டிருந்தால் அந்த வேறுபாட்டை இந்தக் கருவி பிடிக்காது. தீப்பொறி உமிழ்வு நிறமாலைக் கருவி வேண்டும்.

குறை கண்டால் அன்றே படம் எடுத்து எழுத்தில் தெரிவியுங்கள். குழாயில் ஏற்றிய பிறகு சொல்லும் புகாரைத் தயாரிப்பாளர் ஏற்பது கடினம். பொருத்தும் நாள்வரை முனை மூடிகளைக் கழற்றாதீர்கள். மென் சீட் கொண்ட பால் வால்வை முழுவதும் திறந்த நிலையிலும், கேட் வால்வை மூடிய நிலையிலும் வையுங்கள். வெல்டிங் முனை உள்ள மென் சீட் வால்வாக இருந்தால், சீட்டைக் கழற்ற வேண்டுமா, உடலை எவ்வளவு சூட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற தயாரிப்பாளரின் குறிப்பு வெல்டர் கையில் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.